நோயாளிக்குப் புரிந்ததா என்று கண்டுபிடிப்பது எப்படி?

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் நம் பக்கத்தில் வரும் பதில் ஒன்றுதான்: "சரிங்க." புரிந்தவரும் அதையே சொல்வார், ஒன்றுமே பிடிபடாதவரும் அதையே சொல்வார். அந்தக் கேள்வியை இன்றோடு விட்டுவிடலாம். சிவகங்கை மாவட்டத்தின் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிளினிக்குகளிலும் மருந்துக் கடைகளிலும் வேலை பார்ப்பவர்களுக்காகவும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பையோடு வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்காகவும் எழுதியது இது. டாக்டர் சொன்னது யாருக்குப் போய்ச் சேரவில்லை என்பதைச் சில நிமிடங்களில், அவரைக் கூனிக்குறுக வைக்காமல் கண்டுபிடிப்பதுதான் வேலை.

ஆளைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்

கைநாட்டு வைக்கும் ஒரு ஆத்தா நான்கு வகை மாத்திரையையும் வேளை தப்பாமல் போட்டுக்கொண்டிருப்பார். தினத்தாளை ஒரு வரி விடாமல் வாசிக்கிற ஆச்சி, மாத்திரை அட்டையின் ஆங்கிலத்தையும் சீட்டில் உள்ள ‘1-0-1’ஐயும் (காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று) பார்த்துத் திகைத்து நிற்பார். வட்டிக் கணக்கை மனசிலேயே போடுகிற ஐயாவுக்கு, வெறும் வயிற்றுச் சர்க்கரையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சர்க்கரையும் ஏன் இரண்டு வேறு எண்களாக வருகின்றன என்று தெரியாமலிருக்கும். படிப்பு வேறு, மருத்துவச் சேதியைப் பிடித்துக்கொண்டு அதன்படி நடப்பது வேறு. நன்றாகப் படித்தவர்கூட, ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்ட நிமிடத்துக்குப் பிறகு டாக்டர் பேசியது எதையும் காதில் வாங்கியிருக்க மாட்டார்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில், மருத்துவச் சொற்களின் பட்டியலைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லி மதிப்பெண் போடும் ஒரு சோதனை உண்டு. அதைத் தமிழில் செய்து பயனில்லை. எழுத்துத் தெரிந்த யாரும் ‘சிறுநீரகம்’ என்பதைத் தடங்கலில்லாமல் வாசித்துவிடுவார்கள். அது உடம்பில் எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒரே ஒரு கேள்வி மட்டும் போதும் என்றால் இதைக் கேளுங்கள்: "ஆஸ்பத்திரியில் கொடுக்கிற சீட்டு, காகிதமெல்லாம் படிச்சுப் பார்க்க வீட்டில் யாராவது ஒத்தாசை பண்ண வேண்டியிருக்கா? எப்பவுமா, அடிக்கடியா, சில சமயமா, எப்பவாச்சுமா, தேவையே இல்லையா?" ‘சில சமயம்’ என்றாலே கவனிக்க வேண்டியவர். ‘அடிக்கடி’, ‘எப்பவும்’ என்றால் சொல்லவே வேண்டாம். இதை எல்லாரிடமும் ஒரே குரலில் கேட்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் அவருக்கு உடனே தெரிந்துவிடும், முகம் சுருங்கும். வெட்கம் இதில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. 1996ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படிக்கச் சிரமப்படுவதாக ஒப்புக்கொண்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் அதைத் தங்கள் கணவரிடமோ மனைவியிடமோகூட அதுவரை சொன்னதில்லை. கட்டிய துணையிடமே சொல்லாததை, டோக்கன் வரிசையில் நிற்கும்போது உங்களிடம் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கண்ணில் படும் அடையாளங்கள்

"கண்ணாடியை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன்." "மக வந்து பார்த்துக்கிருவா." "கை நடுங்குது, நீங்களே எழுதிருங்க." இந்த மூன்றில் எதுவும் ஒருமுறை வந்தால் உண்மையாக இருக்கலாம். அடுத்தடுத்த வருகைகளிலும் அதே பதில் வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெயரைக் கேட்டால் அட்டையைப் பிரித்து நிறத்தைப் பார்த்தே பதில் சொல்வது இன்னொன்று. ‘ரோஸ் மாத்திரை பிரஷருக்கு, வெள்ளை பெருசு சுகருக்கு’ என்று வைத்திருப்பார்கள். அது தவறில்லை, அவர்களுக்கு அதுதான் வழி. ஆனால் அடுத்த மாதம் வேறு கம்பெனி மாத்திரை வந்து நிறம் மாறினால், அதைப் புது மருந்து என்று எண்ணிப் பழையதையும் சேர்த்துப் போடுவார்கள். பிரஷர் மாத்திரை இரட்டிப்பாகி, காலையில் எழுந்ததும் தலைசுற்றி விழுவது இப்படித்தான்.

வெறும் வயிற்றில் வரச் சொன்ன நாளில் "காப்பி மட்டுந்தான் குடிச்சேன்" என்று வருபவர், செவ்வாய்க்கிழமை வரச் சொன்னால் புதன்கிழமை வருபவர், எவ்வளவு சொன்னாலும் ஒரு கேள்விகூடக் கேட்காதவர், மூன்று வருடத்துச் சீட்டுகளைத் தேதி வரிசை இல்லாமல் ஒரே மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு வருபவர் எல்லாரும் இந்த வகைதான்.

பலர் பார்க்கத் தவறும் இடம் வாசல். மருந்து வாங்கிக்கொண்டு வெளியே போனவர் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் மாத்திரைகளைப் பரப்பி, பக்கத்தில் இருக்கும் யாரோ ஒருவரிடம் "இது காலையிலயா, ராத்திரியா?" என்று கேட்பார். ஆட்டோக்காரரிடம் சீட்டை நீட்டுவார். உள்ளே உங்களிடம் தலையாட்டியவர் அங்கேதான் உண்மையைப் பேசுகிறார். மருந்து கொடுக்கும் ஜன்னலிலிருந்து அந்த பெஞ்ச் தெரியும்படி இருந்தால், ஒரு கண் அங்கே இருக்கட்டும்.

சொல்ல வைக்காதீர்கள், எண்ணி வைக்கச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ‘இரண்டு மாத்திரை, தினம் இருமுறை’ என்ற சீட்டைக் காட்டியபோது வாசிப்புத் திறன் மிகக் குறைந்தவர்களில் 10க்கு 7 பேர் அதைச் சரியாகவே சொன்னார்கள். ஒரு நாளைக்கு மொத்தம் எத்தனை என்று மாத்திரையை எடுத்துக்காட்டச் சொன்னபோது, சரியாக 4 எடுத்தவர்கள் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டினார்கள். வாய் சரியாகச் சொல்லிவிடும், கை தப்பாக எடுக்கும். ஆபத்து கையில்தான் இருக்கிறது.

செய்முறை இதுதான். மேசையில் ஒரு தட்டு அல்லது சுத்தமான காகிதம் வையுங்கள். அவருடைய மாத்திரைகளையே அவர் கையில் கொடுங்கள். நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், விரலால்கூடச் சுட்டிக்காட்டாதீர்கள். பிறகு கேளுங்கள்: "ஆச்சி, நான் ஒழுங்கா வெளங்கச் சொன்னேனான்னு பார்த்துக்கிறேன். நாளைக்கு விடிஞ்சதுல இருந்து படுக்கிற வரைக்கும் எதெது எப்பப் போடுவீக? இந்தத் தட்டுல எடுத்து வைங்க." சோதிக்கப்படுவது உங்கள் சொல்வன்மையே தவிர அவருடைய அறிவு இல்லை என்ற பொருள் அந்த முதல் வாக்கியத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் கேட்டால் பள்ளிக்கூடத்துக் கேள்வியாகிவிடும், கை தட்டுக்குப் போகாது.

அவர் எடுத்து வைக்கும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். எந்த மாத்திரை என்பதில் தயக்கம் இருக்கிறதா? எத்தனை என்பது சரியா? எந்த வேளை? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? அரை மாத்திரை எழுதியிருந்தால் உடைத்தே காட்டச் சொல்லுங்கள். சீட்டில் ‘1/2’ என்று இருந்தால் அதை ‘ஒண்ணு அல்லது ரெண்டு’ என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. ‘அரை’ என்று தமிழில் எழுதி, பாதி நிரப்பிய ஒரு வட்டமும் போட்டுவிட்டால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

வேளையைக் கேட்கும்போது அவருடைய நாளைக் கேளுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்கோ நூறு நாள் வேலைக்கோ போகிறவர் காலை ஆறு மணிக்கு ஒரு டீயோடு கிளம்பி, பதினொரு மணிக்குத்தான் சாப்பாட்டு வாளியைத் திறப்பார். ‘காலை சாப்பாட்டுக்கு முன்’ என்ற சுகர் மாத்திரையை அவர் டீக்கு முன்னால் போட்டுக்கொண்டால், அதுவும் சாப்பாடு இல்லாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிவிடும் கிளிமிபிரைடு, கிளைபென்கிளமைடு வகை என்றால், பத்து மணி வெயிலில் வியர்த்துக் கொட்டி மயங்கக்கூடும். எண்ணிக்கையும் வேளையும் சரியாக இருந்தும் விளைவு தப்பாகும் இடம் இது.

தப்பாக எடுத்து வைத்தால், "இல்ல இல்ல" என்று பாயாதீர்கள். "நான் சொன்னதுல குழப்பம் வந்துருச்சு, வேற மாதிரி சொல்றேன்" என்று, அதே வாக்கியத்தைச் சத்தமாகத் திருப்பாமல், வேறு சொற்களில் சொல்லுங்கள். மறுபடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மூன்றாவது முறையும் சரியாகவில்லை என்றால் பாடத்தை அன்று நிறுத்திக்கொண்டு, மாத்திரையை வேளைவாரியாகத் தனித்தனிக் கவரில் போட்டு, கவரின் மேல் சூரியன், நிலா வரைந்து கொடுங்கள். வீட்டில் யார் உதவுவார் என்று கேட்டு, அவரை வரச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் மூன்று சேதிக்கு மேல் சொல்ல வேண்டாம். கேட்டதில் பெரும்பகுதி வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துபோகும்.

‘அப்படி ஆனா?’ என்று கேளுங்கள்

எண்ணி வைத்தவருக்கும் காரணம் தெரிந்திருக்காது. அதை வெளியே கொண்டுவர, நடக்கக்கூடிய ஒன்றைக் கேட்க வேண்டும். "ராத்திரி மாத்திரையை மறந்துட்டா மறுநாள் என்ன பண்ணுவீக?" என்று கேட்டால், ‘ரெண்டாப் போட்டுக்கிருவேன்’ என்று வெகு சாதாரணமாகச் சொல்பவர் கிடைப்பார். "பிரஷர் சரியாயிருச்சுன்னு சொன்னா மாத்திரையை என்ன செய்வீக?" என்றால், ‘நிறுத்திருவேன்’ என்பார்கள். சரியானதே மாத்திரையால்தான் என்பது போய்ச் சேரவில்லை என்று பொருள்.

விரதத்தை விட்டுவிடாதீர்கள். சஷ்டி, ஏகாதசி, பிள்ளையார் நோன்பு, தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடப்பது என்று நம் ஆண்டு முழுக்க இவை இருக்கின்றன. "விரதத்தன்னைக்குச் சுகர் மாத்திரை, ஊசி எப்படி?" என்று கேட்டால் பாதிப் பேர் வழக்கம்போலப் போடுவதாகவும், மீதிப் பேர் எல்லாவற்றையும் விட்டுவிடுவதாகவும் சொல்லக்கூடும். இரண்டுமே டாக்டரிடம் பேச வேண்டிய பதில்கள். நடைக்குக் கிளம்புபவர், சர்க்கரை 70க்குக் கீழே போனால் என்னென்ன தெரியும், மூன்று டீஸ்பூன் சர்க்கரையை உடனே வாயில் போட வேண்டும் என்பதை அவர் வாயாலேயே சொல்லும் வரை விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கும் இதே வழிதான். ‘அரிசியைக் குறைக்கணும்’ என்று கேட்டுப் போனவரிடம் நேற்று விடிந்ததிலிருந்து சாப்பிட்டதை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். மதியச் சோற்றைக் குறைத்திருப்பார். காலையில் இடியாப்பம், நாலு மணி இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம், இரவு தோசை. எதுவும் சோறு இல்லையே என்பது அவர் கணக்கு. உப்பைக் குறைத்தேன் என்பவரின் தட்டில் ஊறுகாயும் வத்தலும் மோர்மிளகாயும் அப்பளமும் அப்படியே இருக்கும். மனதில் போட்டுக்கொண்ட கணக்கு எங்கே பிசகியது என்பதை, ‘பத்தியமா இருக்கீகளா?’ என்ற கேள்வி ஒருநாளும் காட்டாது.

தப்பு நடந்தால் உயிருக்கே வரும் மருந்துகள்

இவற்றைக் கொடுக்கும்போது எவ்வளவு கூட்டம் இருந்தாலும் செய்து காட்டச் சொல்லாமல் அனுப்பக் கூடாது.

இன்சுலின்: நம் ஊரில் விற்கும் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி போட்ட யு-40 சிரிஞ்ச். ஆரஞ்சு மூடி போட்ட யு-100 சிரிஞ்சில் அதே மருந்தை 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 8 யூனிட்தான், சர்க்கரை இறங்கவே இறங்காது. திருப்பிப் போட்டால், அதாவது வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்த 100 யூனிட் குப்பியை யு-40 சிரிஞ்சில் 20 வரை இழுத்தால், போவது 50 யூனிட். அது ஆளையே கொன்றுவிடக்கூடும். அவர் வீட்டுக் குப்பியையும் வீட்டு சிரிஞ்சையும் கொண்டுவரச் சொல்லி, உங்கள் எதிரில் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மாத்திரை. ‘வாரம் ஒண்ணு’ என்று சொன்னால் போதாது, "எந்தக் கிழமை?" என்று கேளுங்கள். கிழமையை உடனே சொல்லாதவர் தினமும் போடக்கூடியவர். தினமும் போட்டால் வாய் புண்ணாகி, ரத்த அணுக்கள் இறங்கி, உயிரே போகக்கூடும்.

ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் கருவியில் வைத்து இழுக்க வேண்டிய கேப்சூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு அது சாதாரண கேப்சூல்தானே. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியதையும் அப்படியே விழுங்கிவிடுவார்கள்.

குழந்தைக் காய்ச்சல் மருந்தில் சொட்டு மருந்து வேறு, சிரப் வேறு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250. பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால் 125 சிரப்பில் 6 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி மட்டும். சிரப்பின் அளவைச் சொட்டு மருந்துக்குப் போட்டுவிட்டால் நான்கு மடங்கு. தாயின் கையில் அளவு மூடியைக் கொடுத்து, எந்தக் கோடு வரை என்று நகத்தால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்குக்கான உப்பு சர்க்கரைப் பொட்டலத்தில் பெரியது ஒரு லிட்டருக்கு, சிறியது 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் குழந்தைக்கு உப்பு ஏறி நிலைமை மோசமாகும். "எதுல கரைப்பீக?" என்று கேட்டு, அந்தச் செம்பு எத்தனை டம்ளர் கொள்ளும் என்றும் கேளுங்கள்.

காசநோய் மாத்திரையில் சிறுநீர் சிவந்து போவதும், இரும்புச்சத்து மாத்திரையில் மலம் கறுத்துப் போவதும் ஆபத்தில்லை. முன்னாலேயே சொல்லாவிட்டால் பயந்து நிறுத்திவிடுவார்கள்.

வீட்டில் மாத்திரை யார் கையில்?

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் இதைக் கேட்காமல் எதுவும் தெரியாது. ஆச்சி தனியாக இருப்பார். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. ரிப்போர்ட் வாட்ஸாப்பில் மகனுக்குப் போகும், அவர் அங்கிருந்தபடி "அந்த மாத்திரையை நிறுத்துங்கம்மா" என்பார். வேளாவேளைக்கு எடுத்துக் கையில் கொடுப்பது சமையல் செய்யும் அம்மா. நீங்கள் ஆச்சிக்கு எவ்வளவு விளக்கினாலும், தட்டில் எடுத்து வைக்கச் சொல்ல வேண்டியது அந்தச் சமையல் அம்மாவை. மகனிடமும் ஒரு நிமிடம் போனில் பேசிவிட்டால் பாதித் தொல்லை தீரும். ஆனால் எதற்கும் முன்னால் ஆச்சியிடம் அனுமதி கேளுங்கள். அவருடைய நோயை யாருக்கு எவ்வளவு சொல்வது என்பது அவர் முடிவு.

வீட்டுக்குப் போகும் தன்னார்வலர்களுக்கு ஆஸ்பத்திரியில் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கொட்டச் சொல்லுங்கள். சாமி அறை மாடத்தில் இருப்பது, ஃபிரிட்ஜ் கதவில் இருப்பது, நாட்டு மருந்துப் பொடி, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, எல்லாம். அட்டைகளை எண்ணுங்கள். தினம் இரண்டு வீதம் 60 மெட்ஃபார்மின் (சுகர் மாத்திரை) கொடுத்து முப்பது நாள் ஆகியிருந்தால் மிச்சம் இருக்கக் கூடாது. 28 மிச்சம் இருந்தால் ஒருவேளைதான் போடுகிறார் என்று ஊகிக்கலாம். இருபதாம் நாளே தீர்ந்துவிட்டால் மூன்று வேளை போடுகிறார், அல்லது வீட்டில் இன்னொருவரும் அதையே போடுகிறார். இரண்டாவது நடப்பது நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கத்தரியால் வெட்டிக் கொடுத்த அட்டைத் துண்டுகளில் பெயரும் காலாவதித் தேதியும் போயிருக்கும். அவற்றை ஒதுக்கி வைத்து, எந்த மருந்து என்று தெரிந்த பிறகே திருப்பிக் கொடுங்கள்.

புரியாமைபோல் தெரியும் வேறு சங்கதிகள்

சொன்ன உடனேயே திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் முதலில் காதைச் சந்தேகியுங்கள். முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து, கத்தாமல், நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். உடனே சரியாகச் சொல்லி, பத்து நிமிடம் கழித்து முழுக்க மறந்திருந்தால் ஞாபகத்தைச் சோதிக்க டாக்டரிடம் அனுப்புங்கள். காகிதத்தை முகத்துக்கு நெருக்கியும் தள்ளியும் பார்ப்பவருக்குக் கண்புரை இருக்கலாம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று தடுமாறினால் இந்தக் கட்டுரையை ஓரமாக வைத்துவிட்டு உடனே சர்க்கரையைப் பாருங்கள், வாய் கோணியிருக்கிறதா, ஒரு பக்கக் கை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், 108ஐ அழையுங்கள்.

குறித்து வைக்கும் முறை

கண்டுபிடித்ததை எழுதி வைக்காவிட்டால் அடுத்த ஷிப்டில் வருகிறவர் மறுபடி "புரிஞ்சுதா?"விலிருந்து தொடங்குவார். ஆனால் சீட்டின் மேல் ‘படிக்கத் தெரியாதவர்’ என்று எழுதாதீர்கள். அந்தச் சீட்டு ஊரெல்லாம் சுற்றும், பக்கத்து வீட்டுக்காரர் வாசிப்பார். செய்ய வேண்டியதை மட்டும் எழுதுங்கள்: ‘எண்ணி வைக்கச் சொல்லவும்’, ‘சமையல் அம்மாவிடமும் சொல்லவும்’, ‘இடது காதில் பேசவும்’, ‘கவரில் சூரியன், நிலா போடவும்’. கூடவே தேதியும், அன்று எதைத் தப்பாக எடுத்து வைத்தார் என்பதும். அடுத்த முறை வரும்போது புதிதாக எதையும் சொல்வதற்கு முன், அந்த ஒன்றைத் தட்டில் எடுத்து வைக்கச் சொல்லிப் பாருங்கள்.